ஊன்றுகாலுக்கான யோகா: கால்பந்து ஆடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பந்தை உதைக்கும்போது எல்லோரும் உதைக்கிற காலைத்தான் பார்க்கிறோம். கோச்சும் அதைத்தான் பார்க்கிறார், சுவரோரம் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் அப்பாவும் அதைத்தான் பார்க்கிறார். உடம்பின் மொத்தப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு பந்துக்குப் பக்கத்தில் தரையில் பதிந்து நிற்கிறதே இன்னொரு கால், அதைக் கவனிக்க ஆள் இல்லை. வலது காலால் உதைப்பவனுக்கு இடதுகால்தான் ஊன்றுகால். அது கொஞ்சம் ஆடினாலும் பந்து கம்பத்துக்கு மேலே பறக்கும். முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தால், பந்தோடு சேர்ந்து அந்த வருடத்து ஆட்டமும் போய்விடும்.

வடசென்னையில் ஒரு மைதானத்தில் விடியற்காலையில் பிள்ளைகளுக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வருபவர்கள் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: "மாஸ்டர், குனிந்தால் கை தரையைத் தொட வேண்டும், எத்தனை நாள் ஆகும்?" தொடாமலேயே நன்றாக ஆடுகிறவர்கள் எத்தனையோ பேர். தரையைத் தொட்டுவிட்டு, ஒற்றைக் காலில் ஐந்து வினாடி நிற்க முடியாமல் தள்ளாடுகிறவர்களும் உண்டு. எனக்கு இவர்களைப் பற்றித்தான் கவலை.

மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ரயன் கிக்ஸ் பின்தொடைத் தசைக் காயத்தால் பலமுறை அவதிப்பட்டவர். யோகாவைப் பிடித்துக்கொண்டார், 40 வயது வரை ஆடி 2014-இல்தான் ஓய்வு பெற்றார். அத்தனை காலம் ஆட முடிந்ததற்கு யோகாவும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்குக் காட்ட நான் அவ்வளவு தூரம் போவதில்லை. வடசென்னையில் வளர்ந்த நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில், டூரண்ட் கோப்பையில், மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரு கோல் அடித்தார். அந்த ஆட்டத்தில் விழுந்தது அந்த ஒரே கோல்தான். அதைக் கைப்பேசியில் மெதுவாக ஓடவிடுங்கள். பந்தை மறந்துவிட்டு ஊன்றுகாலை மட்டும் பாருங்கள். எங்கள் முதல் வகுப்பு இதுதான், ஆசனம் எதுவும் இல்லை.

சுவரில் இரண்டு கணக்கு

தொடங்குவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலுடன், கைகளை இடுப்பில் வைத்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கண்களை மூடி நில்லுங்கள். இன்னொருவர் எண்ணட்டும். கால் தரையில் பட்டாலோ, கை இடுப்பை விட்டாலோ, கண் திறந்தாலோ கணக்கு முடிந்தது. இரண்டு காலுக்கும் தனித்தனியாக மூன்று முறை நின்று, நல்ல எண்ணை மைதானச் சுவரில் பெயருக்கு எதிரே சாக்கட்டியால் எழுதிவிடுங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் தடவை பத்து எண்ணுவதற்குள் காலை ஊன்றிவிடுகிறார்கள்.

இரண்டாவது அளவு கணுக்காலுக்கு. சுவரைப் பார்த்து நின்று, ஒரு பாதத்தை முன்னே வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போங்கள். கடைசியாகத் தொட முடிந்த இடத்தில், கட்டைவிரலுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை விரல் அகலம் இருக்கிறது? இரண்டு காலுக்கும் ஒரு விரலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் கணுக்கால் எப்போதோ சுளுக்கி, முழுவதும் சரியாகாமல் ஆட வந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கேட்டுப் பாருங்கள். முதலில் "இல்லை" என்பான். பிறகு, "ஆமாம் மாஸ்டர், போன வருடம் பொங்கல் டோர்னமெண்டில்" என்பான்.

இடம், நேரம், வயிறு

எங்கள் பக்கத்து மைதானங்களில் புல் என்பது வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வந்து, மாசிக்குள் திரும்பிப் போய்விடும் விருந்தாளி. மற்ற நாட்களில் இறுகிய மண்ணும் சரளையும்தான். வெறுங்காலில் பயிற்சி என்பதால் தரையைக் கூட்டுவதுதான் முதல் வேலை. கண்ணாடிச் சில்லு ஒன்று போதும், பத்து நாள் ஆட்டம் கெட்டுப்போகும்.

விரிப்பு வாங்கச் சொல்லி யாரையும் விரட்டாதீர்கள். எங்களிடம் இருப்பவை தேர்தல் முடிந்ததும் கழற்றிய பேனர்கள். ஆள் நீளத்துக்கு வெட்டி, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டால் முதுகுக்குப் போதும். யார் எந்தத் தலைவரின் முகத்தின் மேல் படுப்பது என்று ஒரு நாள் சண்டையே வந்துவிட்டது. அன்றிலிருந்து படம் கீழ்ப்பக்கம் இருக்கும்படி விரிக்கிறோம். நின்று செய்யும் ஆசனங்களுக்குப் பேனர் வேண்டாம், வியர்வையில் வழுக்கும், மண்ணிலேயே நில்லுங்கள்.

நேரம் காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கே புழுக்கம் ஆளைப் பிழிந்துவிடும். வெயிலில் யோகா செய்தால் உடல் நன்றாக வளையும் என்று சிலர் சொல்வார்கள். சூட்டில் தசை இளகியதுபோலத் தெரியும், அளவு தெரியாமல் இழுத்துவிடுவீர்கள். வேண்டாம்.

வெறும் வயிற்றில்தான் யோகா செய்ய வேண்டும் என்ற விதி, முடித்து வந்ததும் இட்லி தயாராக இருக்கும் வீட்டுக்குச் சொன்ன விதி. முந்தைய இரவு எட்டு மணிக்குப் பாதி வயிறு சாப்பிட்டுவிட்டு, காலையில் யோகாவும் அதன் பின் ஒன்றரை மணி நேரப் பந்துப் பயிற்சியும் செய்து, அப்படியே பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைக்கு அது பொருந்தாது. அரை மணி நேரம் முன்பே ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். முடிந்ததும் உப்புப் போட்ட நீராகாரம் அல்லது மோர். முழுச் சாப்பாடு சாப்பிட்டிருந்தால் மட்டும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாலை வகுப்புக்கு ஒருவன் ஒரு தட்டு அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் முடித்துவிட்டு வந்து, முன்வளையும் ஆசனத்தில் பட்ட பாட்டை இங்கே விவரிக்காமல் விடுகிறேன்.

ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம்

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. ஆட்டத்துக்குச் சற்று முன் உட்கார்ந்து பின்தொடையை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இழுத்துப் பிடித்தால் அந்தத் தசையின் வலுவும் வேகமும் கொஞ்ச நேரத்துக்குக் குறைகின்றன. விசில் ஊதியதும் முதல் ஓட்டத்திலேயே பின்தங்குவதற்கு நீங்களே வழி செய்த மாதிரி. அதனால் ஆட்டத்துக்கு முன் எந்த ஆசனத்திலும் இரண்டு மூச்சுக்கு மேல் நிற்காதீர்கள், அசைந்துகொண்டே இருங்கள்.

மெதுவாக மைதானத்தை இரண்டு சுற்று ஓடிய பிறகு, சூரிய நமஸ்காரத்தை நான்கு முறை, மூச்சோடு சேர்த்து, நிற்காமல் செய்யுங்கள். காலைப் பின்னால் வைக்கும் நிலையில் முழங்காலைத் தரையில் வைத்து எடுத்தபடி இடுப்பை இருமுறை முன்னே தள்ளித் திரும்புங்கள். அதன் பின் உத்கடாசனம், அதாவது நாற்காலியில் உட்காருவது போல இறங்கி எழுவது, பத்து முறை. கடைசியாக ஒற்றைக்காலில் நின்று மற்ற காலை முன்னும் பின்னும் வீசுவது, பக்கத்துக்குப் பத்து. வீசுகிற கால் தானாக இளகிக்கொள்ளும். உங்கள் கவனம் நிற்கிற காலின் முழங்காலில் இருக்கட்டும்.

இது வழக்கமான வார்ம்அப்புக்கு மாற்று இல்லை. ஃபிஃபா வகுத்துத் தந்த, சுமார் 20 நிமிடம் எடுக்கும் 'ஃபிஃபா 11+' பயிற்சியை உங்கள் கோச் செய்யவைக்கிறார் என்றால் அதைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். அது காயங்களைக் குறைக்கிறது என்று ஆய்வுகளில் நிரூபணமான பயிற்சி. அதற்கு முந்தைய பத்து நிமிடம் மட்டும் நம்முடையது.

ஓய்வு நாளின் முக்கால் மணி நேரம்

உண்மையான யோகா நடப்பது ஆட்டம் இல்லாத நாளில். வாரம் இரண்டு நாள் போதும். படிப்படியாகச் செய்யுங்கள், வரிசையை மாற்ற வேண்டாம்.

*முதல் படி, மூச்சு.* சம்மணமிட்டு உட்கார்ந்து, மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஐந்து நிமிடம். அடக்கிப் பிடிப்பது எதுவும் வேண்டாம். முழங்கால் வலிப்பவர் பேனரைச் சுருட்டி அதன் மேல் உட்காரலாம்.

*இரண்டாம் படி, பாதம்.* தாடாசனம். நேராக நிற்பதுதானே என்று எல்லோரும் தாண்டிப்போகிற ஆசனம் இது. நான் பத்து நிமிடம் செலவிடுகிறேன். ஷூவுக்குள் அடைபட்டே கிடக்கும் கால்விரல்கள் தனித்தனியாக அசைய மறந்துவிடுகின்றன. கட்டைவிரலை மட்டும் தூக்குங்கள், மற்ற நான்கும் தரையில் இருக்கட்டும். பிறகு நான்கையும் தூக்கி, கட்டைவிரலைத் தரையில் வையுங்கள். முதல் வாரம் யாருக்கும் வராது. கையால் பிடித்துச் செய்துகொள்ளலாம். அடுத்து கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் என்ற மூன்று இடத்திலும் எடை சமமாக இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஈர மண்ணில் நின்றுவிட்டு விலகினால் தடமே சொல்லிவிடும். எங்கள் அணியின் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனின் தடத்தில் உள்பக்கம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. பாதத்தின் வளைவு உள்பக்கமாகச் சரிந்து, முழங்காலையும் கூடவே இழுத்துக்கொண்டிருந்தது. திரும்பி ஓடும்போதெல்லாம் முழங்கால் வலிக்கிறது என்று அவன் சொல்லிவந்ததற்கு அந்தத் தடம்தான் பதில்.

*மூன்றாம் படி, விருட்சாசனம்.* ஒற்றைக்காலில் நின்று, மற்ற பாதத்தை உள்தொடையிலோ கெண்டைக்காலிலோ வையுங்கள். முழங்காலின் மேல் மட்டும் வைக்காதீர்கள். யோகா வகுப்புகளில் நிற்கும் காலை விறைப்பாக நீட்டச் சொல்வார்கள். கால்பந்தில் யாரும் விறைத்த காலில் நிற்பதில்லை. முழங்காலைச் சற்றே மடக்கி, அது இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கும்படி நில்லுங்கள். எட்டு மூச்சு. இரண்டாவது வாரம், எதிரே நிற்பவர் பந்தை எறிய நீங்கள் பிடித்துத் திருப்பி எறியுங்கள். மூன்றாவது வாரம், நெஞ்சுக்கு இடமும் வலமுமாக எறியட்டும். ஊன்றுகாலுக்கு மூன்று சுற்று, மற்றதற்கு இரண்டு. யோகா ஆசிரியர்கள் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பக்கமும் சமமாகச் செய்ய வேண்டும் என்பார்கள். ஆட்டம் அப்படிச் சமமாகக் கேட்பதில்லையே.

*நான்காம் படி, வீரபத்ராசனத்தின் மூன்றாம் நிலை.* ஒற்றைக்காலில் நின்று, இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து, மறுகாலைப் பின்னால் நீட்டி, உடம்பு தராசுத் தண்டு போலக் கிடையாக வர வேண்டும். தூக்கிய காலின் பக்கத்து இடுப்பு மேலே திறந்துகொள்ளும், அதைக் கீழே திருப்புங்கள். ஐந்து மூச்சு. நிற்கும் காலின் பின்தொடையும் புட்டமும் எரிய வேண்டும். தொழில்முறைக் கால்பந்தில் மிக அதிகமாக ஏற்படும் தசைக் காயம் பின்தொடையில்தான். முழு வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய காலைத் தரையில் வைப்பதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டுகொண்டே பாரத்தையும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அப்போதுதான் கிழிகிறது. ஆகவே அதற்கு நீளம் மட்டும் போதாது, நீண்ட நிலையிலும் வலு வேண்டும். இந்த ஆசனம் இரண்டையும் ஒருசேரக் கொடுக்கிறது.

*ஐந்தாம் படி, சேதுபந்தாசனம்.* அதே தசைக்கு இன்னொரு வழி. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்குங்கள். குதிகால்களுக்கு அடியில் ஆளுக்கொரு துண்டுத் துணி வைத்து, தூக்கிய இடுப்பு இறங்காமல், குதிகால்களை மெல்ல மெல்லத் தள்ளி வழுக்கவிடுங்கள். ஐந்து எண்ணும் வரை நீள வேண்டும். பிறகு இடுப்பைக் கீழே வைத்து, காலை மடக்கி, மறுபடியும். ஆறு முறை செய்தாலே போதும். மறுநாள் பின்தொடை உங்களைத் திட்டும். வழவழப்பான சிமெண்டுத் தரைதான் இதற்கு ஏற்றது. மைதானத்தில் இல்லாவிட்டால் வீட்டில் செய்யுங்கள்.

*ஆறாம் படி, ஆஞ்சநேயாசனம்.* ஒரு காலை முன்னே மடக்கி வைத்து, பின்காலின் முழங்காலைத் தரையில் வையுங்கள். உதைத்து உதைத்து இடுப்பின் முன்தசை இறுகிப்போயிருக்கும். அதை இளக்குவதாக நினைத்து எல்லோரும் நெஞ்சை முன்னே தள்ளி, முதுகை வளைக்கிறார்கள். நீள்வது முதுகு, இடுப்பு அப்படியே இருக்கிறது. வால் எலும்பைக் கீழே இறக்கி, பின்காலின் புட்டத்தை இறுக்கிக்கொண்டு ஓர் அங்குலம் மட்டும் முன்னே போங்கள். ஓர் அங்குலத்திலேயே தெரியும். பக்கத்துக்கு எட்டு மூச்சு.

*ஏழாம் படி, கவட்டை.* உள்ளங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து உட்காரும் பத்த கோணாசனத்தில் முழங்கால்களை அழுத்தித் தரையைத் தொடவைக்கும் கெட்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. ஒருவன் உட்கார, இன்னொருவன் அவன் தொடை மேல் ஏறி நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கவட்டையில் ஏற்கெனவே வலி இருந்தால் இழுக்கவே கூடாது, வலுப்படுத்த வேண்டும். மல்லாந்து படுத்து, மடக்கிய முழங்கால்களுக்கு நடுவே பந்தை வைத்து, ஐந்து வினாடி அழுத்தி விடுங்கள். பத்து முறை. வலி இல்லாதவர்கள் அதன் பிறகு பத்த கோணாசனத்தில் ஒரு நிமிடம் சும்மா உட்காரலாம், கையால் அழுத்தாமல்.

மீதி ஆசனங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மாலாசனத்தில், அதாவது குதிகால் ஊன்றிக் குந்துவதில், ஒரு நிமிடம். வீட்டில் குந்திப் பழகியவர்களுக்கு இது எளிது, மேல்நாட்டுக் கழிப்பறை வந்த வீட்டுப் பிள்ளைகள்தான் பின்னால் சாய்கிறார்கள். கையும் காலும் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக சுவானாசனத்தில் ஒரு குதிகால் மாற்றி ஒரு குதிகாலாக இறக்கி, கெண்டைக்காலுக்கு ஒரு நிமிடம். புட்டத்துக்கு, மல்லாந்து படுத்து ஒரு கணுக்காலை மறு முழங்காலின் மேல் போட்டு நெஞ்சுக்கு இழுப்பது. ஒரு காலை முன்னே மடக்கி அமரும் ஏகபாத ராஜகபோதாசனத்தைக் காட்டிலும் இது முழங்காலுக்கு நல்லது. கடைசியில் சவாசனம், ஏழு நிமிடம். குறட்டை விட்டால் எழுப்பாதீர்கள்.

பத்மாசனத்தைச் சேர்க்கவில்லையே என்று கேட்பார்கள். இடுப்பு திரும்பாதவன் பத்மாசனம் போட்டால், அந்தத் திருப்பத்தை முழங்கால்தான் வாங்கிக்கொள்ளும். கால்பந்து ஆடுபவனுக்கு அது வேண்டாத வம்பு. சென்னையில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து 1989-இல் மறைந்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் கடைப்பிடித்த வழியும் ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றிக்கொள்வதுதான். ஆசனத்துக்காக முழங்காலைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்த பிறகு

ஓர் ஆட்டத்தில் நடுக்கள வீரர் பத்து கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறார். முடிந்ததும் பைக்கில் ஏறிப் போய்விடுகிறார். ஐந்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு, சுவரோரம் படுத்துக் கால்களைச் சுவரின் மேல் நீட்டுங்கள். விபரீதகரணியின் எளிய வடிவம் இது. அங்கேயே ஆறு எண்ணும் மூச்சு, எட்டு நிமிடம். வலுவான இழுப்பு எதுவும் அன்றைக்கு வேண்டாம். குரக்களி பிடித்தால் மட்டும் அந்தத் தசையை மெல்ல நீட்டிப் பிடித்திருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் திங்கள் சுவரோரம் மட்டும், செவ்வாயும் வியாழனும் முக்கால் மணி நேரம், சனிக்கிழமை மூச்சும் தாடாசனமும் போதும். சனிக்கிழமை புதிதாக எதையும் முயலாதீர்கள்.

காயம் பட்டால்

ஓடும்போது பின்தொடையில் சுரீரென்று பிடித்தால் அன்றும் மறுநாளும் இழுக்கக் கூடாது, சூடு கூடாது, எண்ணெய் தேய்த்து உருவவும் கூடாது. எனக்கு இருபது வயதில் ஒருவர் நல்லெண்ணெய் தடவி நன்றாக அழுத்தி உருவிவிட்டார். மூன்று வாரத்தில் ஆறியிருக்க வேண்டியது மூன்று மாதம் எடுத்தது. வலியில்லாமல் நடக்க முடிந்த பிறகு, துணி வைத்து வழுக்காத சேதுபந்தாசனத்தில் தொடங்கலாம்.

முழங்காலில் 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கினால் யோகா, ஸ்பிரே, கட்டு எதையும் நம்பி உட்காராதீர்கள். உள்ளே தசைநார் அறுந்திருக்கலாம். அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவு வடசென்னையில் எல்லோருக்கும் பஸ் தூரம்தான். கணுக்கால் சுளுக்கி நான்கு அடி கூட ஊன்றி நடக்க முடியாவிட்டாலும் அங்கேதான் போக வேண்டும்.

கோல்கீப்பருக்குத் தனியாக ஒன்று. அவருக்கு ஊன்றுகால் என்று ஒன்று நிலையாக இல்லை, எந்தப் பக்கம் பாய்வார் என்பது தெரியாதே. விருட்சாசனத்தில் இரண்டு காலுக்கும் மூன்று சுற்று. கூடவே குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனமும், உட்கார்ந்து முதுகைத் திருப்பும் அர்த்த மத்ஸ்யேந்திராசனமும்.

பெனால்டி அடிக்கப் போகிறவருக்கு முதல் படியின் மூச்சுதான். பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கும்போது ஒரு முறை நான்கு இழுத்து, ஆறு விடுங்கள். பார்வையைப் பந்துக்குப் பக்கத்தில், ஊன்றுகால் பதியப்போகும் இடத்தில் வையுங்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் அதே சுவருக்கு, அதே நேரத்தில், பயிற்சிக்கு முன் போங்கள். கண்ணை மூடி நின்று, புதிய எண்ணைப் பழையதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். மழை பழைய எண்ணை அழித்துவிடும் என்பதால் நாங்கள் இப்போது ஒரு நோட்டிலும் குறித்துக்கொள்கிறோம். யாருக்காவது எண் குறைந்திருந்தால் திட்டாதீர்கள். உட்காரவைத்து, சாக்ஸைக் கழற்றச் சொல்லி, கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.